அற்புதம் அன்று

அச்சகத்தில் அவருக்குச் சந்தி சார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவர். எங்கே 'க்' வர வேண்டும், எங்கே 'ப்' வரக்கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர். மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டு, பேருந்தில் எழுதிய எச்சரிக்கை, எதுவும் அவரிடமிருந்து தப்பாது. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. எழுத்தைத் திருத்துவாரே தவிர, எழுதினவரின் கருத்தில் கை வைக்க மாட்டார். "அவர் தப்பாவே சொல்லட்டும், ஆனா பிழை இல்லாமச் சொல்லட்டும்" என்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஏழு வாரம் சொந்த மாமியாரின் காதில் பூச்சுற்றினார் என்றால் நம்புவது கஷ்டம்தான். அதுவும் ஓர் இலக்கணப் பிழைகூட இல்லாமல் சுற்றினார்.

மாமியார் தையல்காரர். முப்பத்தைந்து வருடம் பள்ளிச் சீருடை தைத்தவர். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. ஊசியில் நூல் கோக்க முடியாமல் போய் ஒரு வருடம் ஆகியும் மெஷினை விடவில்லை; கைப்பழக்கத்தில் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மாப்பிள்ளையின் சட்டைப்பை கிழிந்திருந்ததைத் தைத்துக் கொடுத்தார். கிழிசலோடு பையின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டார். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் அதையே போட்டுக்கொண்டு போய், பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வேலை பார்த்தார்.

பக்கம் வடிவமைக்கும் அம்மாள், "என்ன சார், இன்னைக்குத் தச்சு வேலையா?" என்று கேட்டாள்.

"ஆமா. எங்க அத்தை தச்சது" என்றார்.

கண் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "வலது கண்ணுல புரை நல்லா முத்திப்போச்சு. ரெண்டு மாசத்துக்குள்ள எடுத்துடணும். அதுக்கு மேல விட்டா கண்ணுல அழுத்தம் ஏறும். அப்புறம் எடுத்தாலும் பார்வை வரும்னு என்னால சொல்ல முடியாது." நாளும் குறித்துக் கொடுத்திருந்தார், எட்டாவது வாரம் வியாழக்கிழமை. மாமியார் அதற்குச் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "பார்ப்போம்" என்றார். கண் தெரியாதவர் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று மகளுக்குப் புரியவில்லை.

மகளுக்கு மருந்துக் கடையில் வேலை. மாலையில் அவள் கடையில் இருப்பாள்; வீட்டில் மாமியாரும் மாப்பிள்ளையும்தான். பதினோரு வருடமாக அவர்கள் பேசிக்கொண்டதை எல்லாம் அச்சடித்தால் ஒரு பக்கம் தேறாது. "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" "ஆச்சு அத்தை." அவ்வளவு மரியாதை. இந்த மௌனத்தை உடைத்தது, யாருக்கும் புரியாத ஒரு மொழியில் வந்த தொலைக்காட்சித் தொடர்.

எங்கோ வெளிநாட்டில் எடுத்தது. வயதான பாதிரியார் ஒருவர், இளம் பாதிரியார் ஒருவர். ஊர் ஊராகப் போய், அங்கே அற்புதம் நடந்தது, இங்கே அதிசயம் நடந்தது என்று வரும் கடிதங்களை விசாரிப்பார்கள். முடிவில் பெரியவர் ஒரு பழுப்பு நோட்டை எடுத்துத் தீர்ப்பு எழுதுவார். மருத்துவர் நாள் குறித்த வாரமே தொடங்கியது; வாரம் ஒரு கதை, மாலை ஆறரைக்கு. கீழே தமிழில் எழுத்து ஓடும். மாமியாருக்குக் கோயில், குளம், பிரார்த்தனை என்றால் உயிர். எந்தச் சாமியாக இருந்தாலும் சாமிதானே என்பார். படம் மங்கலாகத் தெரிந்தது, எழுத்து சுத்தமாகத் தெரியவில்லை. ஆகவே மாப்பிள்ளை படித்துச் சொல்லத் தொடங்கினார்.

அந்தத் தமிழை யார் எழுதினார்களோ தெரியாது. பாதிரியாரை எல்லாரும் 'அப்பா' என்று கூப்பிட்டார்கள்.

"'அப்பா, தயவுசெய்து உள்ளே வாருங்கள்.' 'அப்பா, நான் பார்த்தது உண்மை.' 'அப்பா, என் ஆடுகளும் சாட்சி.'"

"ஏன் மாப்பிள்ளை, ஊர்ல பாதிப் பேர் இவரை அப்பாங்கறாங்களே. சாமியாரா, இல்ல சம்சாரியா?"

"சாமியார்தான் அத்தை. எழுதினவர் தப்பு."

"அதானே. இத்தனை பிள்ளையை வச்சுக்கிட்டு ஊர் விசாரணைக்குப் போக நேரம் ஏது?"

மாமியார் சிரித்தார். மாப்பிள்ளை முன்னால் அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளைக்கு ஏதோ பரிசு வாங்கினது போல இருந்தது.

அந்த முதல் கதையில் ஒரு சிலை அழுதது. பெரியவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், ஏணியில் ஏறினார், எதையோ உடைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. சுவருக்குள் குழாய் ஒழுகியதைப் படம் காட்டியது. மாமியாருக்கு அது தெரியவில்லை. பிறகு நோட்டு வந்தது. திரையில் எழுத்து வந்தது: 'சிலை அழுதது அற்புதம் அல்ல.'

சந்தி சாருக்குப் பொறுக்கவில்லை. ஒரு சிலை, ஓர் அழுகை. ஒருமை. ஒருமைக்கு 'அன்று' வர வேண்டும், 'அல்ல' பன்மைக்கு. வாய் தானாகத் திருத்திவிட்டது.

"'சிலை அழுதது அற்புதம் அன்று.'"

மாமியார் இரண்டு கையையும் கூப்பினார். "அன்னைக்கு நடந்திருக்கு பாருங்க! சுவரெல்லாம் தட்டிப் பார்த்து, ஏணி போட்டு ஏறி, நல்லா விசாரிச்சுட்டுத்தான் எழுதறார். அற்புதம், அன்று. எவ்வளவு அழகாச் சொல்லிட்டார்!"

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். மாமியாரின் முகத்தைப் பார்த்தார். ஒரு வருடமாகச் சுருங்கியே கிடந்த முகம் மலர்ந்திருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நல்ல மனசுக்காரர்கள் செய்யும் தவறுகளில் பாதி, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் தொடங்குகின்றன.

இரண்டாவது வாரம் ஒரு மணி தானாக அடித்தது. மூன்றாவது வாரம் ஒரு ரொட்டி கெட்டுப்போகாமல் இருந்தது. ஒவ்வொரு வாரமும் திரையில் 'அல்ல' என்று வந்தது. ஒவ்வொரு வாரமும் அவர் 'அன்று' என்று படித்தார். இதில் பொய் எங்கே இருக்கிறது? எந்தப் புலவரைக் கேட்டாலும் தான் படித்ததுதான் சரி என்பார் என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொன்னார். மனசாட்சிக்கு அவ்வளவு இலக்கணம் தெரியாததால் அதுவும் கொஞ்ச நாள் சும்மா இருந்தது.

சிக்கல் நடுவில்தான். பாதிரியார்கள் உண்மையைக் கண்டுபிடித்து விளக்கும்போது என்ன படிப்பது?

"என்ன மாப்பிள்ளை, ரொம்ப நேரமாப் பேசறாங்க, நீங்க ஒண்ணும் படிக்கலையே?"

"வானிலை பத்திப் பேசறாங்க அத்தை."

"இப்படிக் கத்திக்கிட்டா?"

"அங்கே மழை அதிகம்."

ஐந்தாவது வாரம் மனைவிக்கு விடுமுறை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். மறுநாள் காலை சமையலறையில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, அல்லன்னு போட்டிருக்கு. நீங்க வேற என்னமோ படிக்கறீங்க?"

"அதான் சரியான தமிழ்."

"அம்மா எதிர் வீட்டுல, மாடி வீட்டுல எல்லாம் போய், அஞ்சு அற்புதமும் நிஜம்னு சொல்லிட்டு வர்றாங்க. உங்க சரியான தமிழ் ஒரு நாள் நம்மளைச் சந்தி சிரிக்க வைக்கப்போகுது, பாருங்க."

"அத்தை சந்தோஷமா இருக்காங்க. அதைக் கெடுக்கணுமா?"

 மனைவிக்கும் அம்மாவின் சிரிப்பு கேட்டிருந்தது. "என்னமோ பண்ணுங்க" என்று டிபன் டப்பாவை மூடினாள்.

ஏழாவது வாரம் கண் தெரியாத ஒரு பெண்மணியின் கதை வந்தது. ஊருக்கு வெளியே ஓர் ஊற்று. அதில் முகம் கழுவினாள், பார்வை வந்துவிட்டது என்று ஊரே கொண்டாடியது. பாதிரியார்கள் வந்தார்கள், விசாரித்தார்கள். சமையலறை மேசையில் அந்தப் பெண்மணி அழுதுகொண்டே நீளமாக ஏதோ சொன்னாள். மாப்பிள்ளை அதைப் படிக்கவில்லை. "நன்றி சொல்றாங்க அத்தை" என்றார். முடிவில் நோட்டு வந்தது. வாய் பழக்கத்தில் படித்துவிட்டது. "'இது அற்புதம் அன்று.'"

மாமியார் இந்தத் தடவை கை கூப்பவில்லை. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை முடிவைச் சொன்னார். "வியாழக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்கு வரலை. டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அந்தப் பொம்பளைக்குக் குடுத்த ஆண்டவன் எனக்குக் குடுக்க மாட்டாரா? அவங்க ஊர் தண்ணிக்கு ஒரு சக்தி, நம்ம ஊர் தண்ணிக்கு ஒரு சக்தியா?"

 மனைவி சந்தி சாரைத் திரும்பிப் பார்த்தாள்.  தெருவுக்கு வந்து வழியனுப்பும்போதுதான் சொன்னாள். "கண்ணு போச்சுன்னா போச்சுங்க. அதுக்கு இலக்கணம் கிடையாது."

அன்று அச்சகத்தில் அவருக்கு ஒரு வரியும் ஓடவில்லை. பக்கம் வடிவமைக்கும் அம்மாளின் மேசைக்குப் போய் நின்றார்.

"ஏம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. அச்சாகி, ஆள் கைக்கும் போயிடுச்சு. அப்புறம் என்ன பண்றது?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன சார், இன்னைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த மாதிரி கேக்கறீங்க! பிழைதிருத்தம்னு ஒரு துண்டுச் சீட்டு அடிச்சு முதல் பக்கத்துல ஒட்டணும். நம்ம தப்பை நாமளே நாலு பேர் பார்க்க ஒட்டறது வெட்கமாத்தான் இருக்கும். வேற வழி?"

அவர் உடனே நாற்காலிக்குத் திரும்பி ஒரு தாளை எடுத்தார்.

மாலையில் மாமியார் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தைக்கவில்லை, சக்கரத்தின் மேல் கை வைத்திருந்தார். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றியதும் அவர் எதிரில் போய் நின்றார். உட்காரவில்லை.

"அத்தை, ஒண்ணு படிக்கணும்."

"இன்னைக்குத் தொடர் இல்லையே?"

"இது தொடருக்குப் பிழைதிருத்தம்."

தாளைப் பிரித்துப் படித்தார். நேரில் சொல்ல வராத மனிதருக்கு அச்சுத் தமிழ்தான் கைத்தடி.

"'முதல் வாரம், சிலையின் கண்ணீர். அற்புதம் நடந்தது என்று கேட்கப்பட்டிருப்பின், அற்புதம் அல்ல என்று கொள்க. காரணம், சுவருக்குள் குழாய் ஒழுகல். இரண்டாம் வாரம், தானாக அடித்த மணி. அற்புதம் அல்ல என்று கொள்க. காரணம், ஆடு.'"

"ஆடா?"

"மணிக்கயிறு கீழே தொங்கிச்சு அத்தை. ஆடு மென்னுக்கிட்டு இருந்துச்சு."

"வெள்ளையா என்னமோ அசையுதேன்னு நான் அப்பவே கேட்டேனே! தேவதூதர்னு சொன்னீங்க!"

"நான் சொல்லலை அத்தை. நீங்க 'தேவதூதரா?'ன்னு கேட்டீங்க. நான் சும்மா இருந்தேன்."

மாமியாரின் உதடு துடித்தது. கோபமா, வேறு ஏதாவதா என்று மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. தொடர்ந்து படித்தார். மூன்றாம் வாரத்து ரொட்டியை, பக்கத்து வீட்டு விதவை ஒருத்தி தினம் விடியுமுன் யாருக்கும் தெரியாமல் மாற்றி வைத்திருக்கிறாள். ஊர் மனசு உடையக் கூடாது என்று. நான்கு, ஐந்து, ஆறு. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. எல்லாவற்றுக்கும் 'என்று கொள்க' இருந்தது.

"அப்படின்னா, அன்று அன்றுன்னு படிச்சதெல்லாம்?"

"இலக்கணத்துல அன்றுன்னா அல்லன்னு அர்த்தம் அத்தை. ஒருமைக்கு அப்படித்தான் வரும்."

"அல்லன்னா அல்லன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

பதினோரு வருடத்தில் மாமியார் அவரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் திருதிருவென்று விழித்தார். 

"எதிர் வீடு, மாடி வீடு, எல்லார்கிட்டயும் போய் ஆறு அற்புதம்னு சொல்லியிருக்கேன். ஆட்டுக்குக் கை கூப்பியிருக்கேன் மாப்பிள்ளை!"

"தப்புதான் அத்தை. உங்க முகத்தைப் பார்த்தேன். சந்தோஷமா இருந்தீங்க. மனசு வரலை."

மாமியார் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். ஊசி வெறும் காற்றில் ஏறி இறங்கியது. பிறகு வேறு குரலில் கேட்டார்.

"அந்தப் பொம்பளைக்குக் கண்ணு எப்படித் தெரிஞ்சுது?"

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. தங்கச்சி ரகசியமா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா."

"அப்புறம் ஏன் ஊத்துத் தண்ணின்னு சொன்னா?"

"வெட்கம். ரெண்டு தடவை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய் ஓடி வந்துட்டாங்களாம். கண்ணுக்குப் பக்கத்துல கத்தி வருமேன்னு பயம். சாமியை நம்பறவ இப்படிப் பயப்படலாமான்னு ஊர் சிரிக்கும்னு மறைச்சிருக்காங்க. அந்த மேசைகிட்ட உக்காந்து அழுதாங்களே, அப்போ இதைத்தான் சொன்னாங்க."

"நன்றி சொல்றாங்கன்னீங்க."

"ஆமா அத்தை."

"பெரியவர் திட்டினாரா?"

"இல்லை. 'எனக்குப் பல் பிடுங்கவே பயம்'னு சொன்னார்."

மாமியார் முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டார். "இதெல்லாம் எழுத்துல வந்துச்சா?"

"வந்துச்சு. நான்தான் படிக்கலை."

"அதைப் படிச்சிருந்தீங்கன்னா..." என்று நிறுத்தினார். "ஒரு வருஷமா ராத்திரி படுத்தா அந்தக் கத்திதான் மாப்பிள்ளை. வாயைத் திறந்து பயமா இருக்குன்னு சொல்ல முடியலை. கோயிலுக்குப் போறவ, தினம் விளக்கேத்தறவ, என்னத்துக்குப் பயம்னு மகள் கேட்டுடுவாளேன்னு இருந்தேன். என்னை மாதிரி ஒருத்தி பயந்து ஓடினாள்னு தெரிஞ்சிருந்தா, நான் தனியாப் பயந்திருக்க மாட்டேனே."

மாப்பிள்ளை அப்போதுதான் உட்கார்ந்தார். தான் செய்த நல்லது எது, எடுத்துக்கொண்டது எது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. இல்லாத ஏழு அற்புதத்தைக் கொடுத்துவிட்டு, அத்தைக்குத் தேவைப்பட்ட ஒரே ஒரு பேச்சை விழுங்கியிருக்கிறார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றார் மாமியார். "அந்த ரொட்டி மாத்தி வச்சவ நல்லவதான். ஆனா அவளும் சொல்லியிருக்கணும்." பிறகு, "வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரியின் நீண்ட பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். செவிலியர் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து, "படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார்.

மனைவி கை நீட்டினாள். "நான் படிக்கறேன். ஒண்ணும் இல்லம்மா, சும்மா ஒரு ஃபாரம். கொஞ்சம்கூட வலிக்காது."

"நீ சும்மா இரு. உனக்கு எப்ப ஆபரேஷன் பண்ணினாங்க, வலிக்காதுன்னு சொல்றதுக்கு? மாப்பிள்ளை படிக்கட்டும்."

அவர் படித்தார். முதல் வரியிலேயே ஒரு 'ப்' விட்டுப்போயிருந்தது, அப்படியே படித்தார். மூன்றாவது வரியில் எழுவாய்க்கும் பயனிலைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதையும் அப்படியே படித்தார். ஏழாவது வரிக்கு வந்ததும் குரல் நின்றது. மனைவி அவர் காலை மெல்ல மிதித்தாள்.

"என்ன மாப்பிள்ளை, அங்கேயும் வானிலையா?"

"இல்லை அத்தை." விட்ட இடத்தில் விரல் வைத்துப் படித்தார். "'மிக அரிதாகச் சிலருக்குக் கிருமித் தொற்று ஏற்படலாம். அதனால் பார்வை குறையவோ, முழுமையாக இழக்கவோ நேரலாம் என்பது எனக்கு விளக்கப்பட்டது.'"

 எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுப் போனது.

"அரிதான்னா?"

மாப்பிள்ளை செவிலியரைக் கேட்டார். அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார். "ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட வர்றதில்லைன்னு சொல்றாங்க அத்தை."

"பண்ணலைன்னா?"

"வலது கண்ணுல அழுத்தம் ஏறும். அப்புறம் எடுத்தாலும் பார்வை வரும்னு சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னார்."

மாமியார் தலையசைத்தார். "இன்னும் இருக்கா?"

"ரெண்டு வரி."

"அதையும் படிங்க."

படித்தார். மாமியார் பேனாவை வாங்கினார். மாப்பிள்ளை தாளில் இடத்தைத் தொட்டுக் காட்டினார். கையெழுத்துக் கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. ஆனால் முழுப்பெயரும் இருந்தது.

உள்வாசல் வரை ஒருவர்தான் வரலாம் என்றார்கள். மகள் எழுந்தாள். மாமியார் அவள் கன்னத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு, மாப்பிள்ளை பக்கம் கையை நீட்டினார். பதினோரு வருடமாக ஒரு தம்ளரைக்கூடக் கையில் கொடுக்காமல் மேசை மேல் வைத்துத் தள்ளிய மரியாதைக்காரர். மாப்பிள்ளை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தது. குளிர்ந்திருந்தது.

கதவருகே வந்ததும் மாமியார் நின்றார்.

"உங்களுக்குப் பயமா இருக்கா மாப்பிள்ளை?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. எத்தனை சுலபமான சொல். எத்தனை அன்பான சொல்லும்கூட.

"ரொம்பப் பயமா இருக்கு அத்தை."

"நல்லதாப் போச்சு" என்றார் மாமியார். "எனக்கும்தான்."

அவர் கையை விட்டுவிட்டுச் செவிலியரின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.